ரிம்முக்கு முன் டயர்: ஸ்விஃப்டுக்கு அலாய் வீல் தேர்ந்தெடுத்த அனுபவம்

கோவையில் நான் ஓட்டிவரும் மாருதி ஸ்விஃப்ட், 2018-இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்தது. இரும்பு ரிம்மும் 165/80 ஆர்14 டயரும் பொருத்தி வந்த கீழ்நிலை மாடல். நான்கு டயர்களிலும் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. தேய்மானக் குறியை நெருங்கியபோது, எப்படியும் டயர் மாற்றத்தான் வேண்டும், அதோடு அலாய் வீலும் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த வேலையைச் செய்து முடித்தபின் எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் கண்ணுக்குப் பிடித்த ரிம்மை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எந்த டயர் ஏறும் என்று பிறகு கேட்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். வண்டிக்கு எந்த டயர் சரி என்பதை முதலில் தீர்மானித்து, அந்த டயருக்கு எந்த அகல ரிம் பொருந்தும், அந்த ரிம் வீல் வளைவுக்குள் எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் வடிவத்தையும் நிறத்தையும் தேட வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 165/80 ஆர்14 என்பதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் சதவீதமாக. அதாவது 165-இல் 80 சதவீதம், 132 மி.மீ. ஆர் என்பது ரேடியல் டயரைக் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் ரிம் 355.6 மி.மீ.; அதனுடன் மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. ஒரு தாளும் பேனாவும் போதும். இந்த மொத்த விட்டம்தான் வண்டியை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்த எண். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கணக்கு, மட்கார்டுக்குள் விட்டிருக்கும் இடைவெளி எல்லாம் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

இதே காரின் உயர்நிலை மாடலுக்கு நிறுவனமே 185/65 ஆர்15 டயரும் அலாய் வீலும் பொருத்தித் தந்தது. அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: பக்கச்சுவர் ஏறத்தாழ 120 மி.மீ., மொத்த விட்டம் 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும், டயர் 20 மி.மீ. அகலமாகியும், மொத்த விட்டத்தில் வந்த மாற்றம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவரைக் குறைத்து விட்டத்தைக் காப்பாற்றுவது என்ற விதி இவ்வளவு தெளிவாக வேறெங்கும் எனக்குப் புரிந்ததில்லை. தன் காருக்கு அலாய் போட நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது, அதே காரின் மற்ற மாடல்களுக்கு நிறுவனம் எந்த டயர் தருகிறது என்று பார்ப்பது. சஸ்பென்ஷனிலும் மட்கார்டிலும் வேறுபாடு இல்லாத மாடல்களாக இருந்தால், அந்த அளவை நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏற்கெனவே சோதித்து முடித்திருக்கிறார்கள்.

நான் போன முதல் கடையில் 15 அங்குல ரிம் ஒன்றைக் காட்டினார்கள், அகலம் 6.5 அங்குலம். அதற்கு 205/65 ஆர்15 டயர் போடலாம் என்று கடைக்காரர் பரிந்துரைத்தார். "சார், 205 போட்டீங்கன்னா வண்டி நல்லா நிரப்பமா இருக்கும். பின்னாடி பாருங்க, எவ்வளவு இடம் இருக்கு!" என்றார். "முன் சக்கரத்தை முழுசாத் திருப்பினா எவ்வளவு இடம் இருக்குன்னும் பார்த்துடலாங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் பார்ப்பதற்கு முன்பே கணக்கு விடை சொல்லிவிட்டது. அது பழைய இன்னோவாவில் வந்த அளவு. மொத்த விட்டம் 647.5 மி.மீ.; என் வண்டியின் டயரைவிட 4.5 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் பழைய நிலையில் சரியாகவே காட்டியது என்று கொண்டால், முள் 100-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 104-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் அதே விகிதத்தில் குறைவாகப் பதிவாகும். முதல் கியரில் மேடேறும்போது இழுவை குறையும். டயரின் மேல்விளிம்பு மட்கார்டுக்கு 14 மி.மீ. நெருங்கிவிடும். கடைகளில் பொதுவாக 3 சதவீதம் வரை பரவாயில்லை என்பார்கள். என் கருத்தில், சிறிய காருக்கு ஒன்றரைச் சதவீதத்துக்குள் நிற்பதே நல்லது. அதற்குள்ளேயே போதுமான தேர்வுகள் கிடைக்கின்றன. 195/60 ஆர்15 என்றால் 615 மி.மீ., 0.7 சதவீதம் குறைவு. 195/55 ஆர்16 என்றால் ஏறத்தாழ 621 மி.மீ., அநேகமாகச் சமம். 195/65 ஆர்15 என்று ஒரே ஒரு எண்ணை மாற்றினால் 634.5 மி.மீ. ஆகி, 2.4 சதவீதம் கூடிவிடும். கடையில் "ஏறத்தாழ அதே சைஸ்தான்" என்று சொல்லப்படும் இரண்டு டயர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்காகவே இவற்றை எழுதுகிறேன்.

விட்டம் பொருந்திவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது, அளவுக்குப் பின்னால் வரும் 85 டி, 88 எச் போன்ற குறி. யாரும் கேட்காத கேள்வி இதுதான். எண் என்பது அந்த டயர் சுமக்கக்கூடிய எடையின் குறியீடு. எழுத்து என்பது வேகத்தின் குறியீடு. என் பழைய டயரில் இருந்த 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 87 என்றால் 545, 88 என்றால் 560. டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210. நிறுவனம் தந்த எண்ணைத் தரையாகக் கொள்ள வேண்டும். அதற்கு மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது. பக்கச்சுவரைக் குறைத்துக்கொண்டே போகும்போது டயருக்குள் அடங்கும் காற்றின் அளவும் குறைவதால், இந்த எண் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். எடுத்துக்காட்டாக, 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84 என்றே வருகிறது. அதாவது 500 கிலோ. பார்வைக்கு அகலமும் கம்பீரமும் கொண்ட அந்த டயர், என் வண்டியின் மெல்லிய பழைய டயரைவிடக் குறைந்த எடையைத்தான் தாங்கும். கூடுதல் சுமைக்கென்று வலுப்படுத்திய வகையில் அதே அளவு 88 வரை கிடைக்கிறது. ஆனால் அதற்குக் காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும். நான் தேர்ந்தெடுத்த 185/65 ஆர்15 டயருக்கு 88 எச் இருந்தது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் வண்டிக்கு இது விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச ரிம் அகலங்கள் உண்டு. டயர் நிறுவனங்களின் பட்டியலில் அவை இருக்கும். 185/65 ஆர்15-க்கு 5 அங்குலம் முதல் 6.5 அங்குலம் வரை. அந்த அளவை வரையறுக்கப் பயன்படுத்தும் ரிம் 5.5 அங்குலம். 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 வரை. எல்லைக்குள் இருந்தாலும் விளிம்பில் நிற்பதை நான் விரும்பவில்லை. ரிம் மிக அகலமாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் வெளிநோக்கி விரிந்து இழுபடும். சாலை ஓரக் கல்லில் உரசும்போது டயருக்கு முன் ரிம்மின் உதடு அடிபடும். மிகக் குறுகலாக இருந்தால் டயர் குடம்போல் உப்பி, வளைவுகளில் தளும்பும். ரிம் அரை அங்குலம் அகலமானால் அதே டயரின் உண்மையான அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. கூடும் என்பதையும் இடைவெளி கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் 6 அங்குல ரிம்மை எடுத்தேன். ஒரு சிறு குறிப்பு: ரிம்மின் அகலம் என்பது டயரின் விளிம்பு அமரும் இடங்களுக்கு இடையிலான தூரம். வெளியிலிருந்து வெளிக்கு டேப் வைத்து அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். ரிம்மின் ஆரக்காலின் பின்புறத்தில் பொறித்திருக்கும் '15 × 6 ஜே' (விட்டம் × அகலம், அங்குலத்தில்) என்ற குறியையே நம்ப வேண்டும். பொறிப்பே இல்லாத ரிம்மை நான் தொடுவதில்லை.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தது ஆஃப்செட். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் கோட்டுக்கும், ரிம் ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) மீது படியும் முகத்துக்கும் இடையிலான தூரமே ஆஃப்செட், ரிம்மில் 'இ.டி.' என்ற குறியோடு மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும். கணக்குக்காக, பழைய ரிம் 5 அங்குலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். ஹப் முகத்திலிருந்து அதன் வெளிவிளிம்பு வரையுள்ள தூரம், பாதி அகலமான 63.5-இலிருந்து 45-ஐக் கழித்தால் 18.5 மி.மீ. உள்விளிம்பு வரையுள்ள தூரம் இரண்டையும் கூட்டினால் 108.5 மி.மீ. புதிய ரிம் 6 அங்குலம், ஆஃப்செட் 40 என்றால் வெளிவிளிம்பு 36.2, உள்விளிம்பு 116.2. ஆக, சக்கரம் வெளிப்பக்கம் ஏறத்தாழ 18 மி.மீ. வந்திருக்கிறது, உள்பக்கம் ஏறத்தாழ 8 மி.மீ. போயிருக்கிறது. இந்த இரண்டு எண்களும் கையில் வந்தபிறகு, வண்டியின் அருகே உட்கார்ந்து அளந்தால் போதும். முன் சக்கரத்தின் உள்பக்கம் டயருக்கும் ஸ்ட்ரட் குழாய்க்கும் (ஷாக் அப்சார்பர் அடங்கிய சஸ்பென்ஷன் தூண்), ஸ்பிரிங் அமரும் தட்டுக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது? வெளிப்பக்கம் மட்கார்டு உதட்டுக்கு எவ்வளவு? டயரின் அகலம் கூடுவதையும் மறக்கக் கூடாது: 165-இலிருந்து 185-க்குப் போனால் இரு பக்கமும் 10 மி.மீ. வீதம் கூடும்; ஆஃப்செட் 5 குறைந்தால் வெளிப்பக்கம் 15, உள்பக்கம் 5. ரிம்மின் விளிம்பு, டயரின் பக்கச்சுவர் இரண்டில் எது முன்னே நிற்கிறதோ அதுதான் உரசும். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும்.

கடையில் காட்டிய 6.5 அங்குல ரிம்மின் ஆஃப்செட் 35. அதே முறையில் கணக்கிட்டால் வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே வந்துவிடும். நின்ற நிலையில் அது அழகாகத்தான் தெரியும். ஆனால் டயரின் நடுக்கோடு வெளியே நகரும்போது ஸ்டீயரிங் கனக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கையை இழுக்கும். வீல் பேரிங்கின் மீது விழும் நெம்புவிசை கூடி அதன் ஆயுள் குறையும். மழையில் சேறு கதவெங்கும் தெறிக்கும். இடைவெளி போதவில்லை என்றால் ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டு வைத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அளவு தவறான ரிம்மைச் சரியான ரிம்மாக்க இன்னொரு பாகத்தைச் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. சரியான ஆஃப்செட் கிடைக்கும்வரை தேடுவதே வழி. நான் தேடியதும் அதைத்தான்.

போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் (பி.சி.டி.), பலருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்விஃப்டுக்கு நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டம். ஃபியட் கார்களில் வருவது நான்கு துளை, 98 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று ஒன்றை மற்றொன்றில் இறுக்கினால் போல்ட்டுகள் சாய்ந்து நின்று, ஓட்டத்தில் தளரும்; அதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது. சந்தையில் கிடைக்கும் பல ரிம்களில் எட்டுத் துளைகள் இருக்கும். 100, 108 என இரண்டு வட்டங்களுக்கும் பொருந்தும்படி செய்தவை. அவற்றின் நடுத்துளையும் பெரிதாக, 73.1 மி.மீ. அளவில் இருக்கும். ஸ்விஃப்டின் ஹப்போ 54.1 மி.மீ. இடையில் மிஞ்சும் இடத்தை நிரப்ப ஹப் வளையம் வாங்கிப் போட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் அமராமல், எத்தனை முறை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) செய்தாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங்கில் நடுக்கம் நிற்காது. பிறகு நட் அமரும் இடத்தின் வடிவம். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஹோண்டாவின் சொந்த ரிம்களில் உருண்டை வடிவம். கூம்பில் உருண்டையை வைத்து இறுக்கினால் இறுக்கமாகத் தோன்றும். ஆனால் பிடிமானம் ஒரு மெல்லிய கோட்டில்தான் இருக்கும்.

16 அங்குலம் ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்கின்படி 195/55 ஆர்16 என் வண்டிக்குப் பொருந்தும். விட்டம் சரி, எடைக் குறியீடு 87 என்பதும் பழைய 85-ஐவிட மேல். ஆனால் பழைய டயரில் 132 மி.மீ. இருந்த பக்கச்சுவர் அதில் 107 ஆகிவிடுகிறது. பாதாளச் சாக்கடைக்கும் குழாய்க்கும் தோண்டி மூடிய தெருக்களிலும், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நின்று ஆழம் தெரியாமல் போன பள்ளங்களிலும் ஓட்டுபவருக்கு அந்த 25 மி.மீ. ரப்பரின் அருமை தெரியும். பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது பக்கச்சுவர் ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கி, உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்தால், பக்கவாட்டில் கட்டி போல ஒரு புடைப்பு எழும். அதை ஒட்டுப்போட முடியாது. டயரை மாற்றத்தான் வேண்டும். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம்; வார்ப்பு அலாய் விரிசல் விட்டால் நம்பி ஓட்ட முடியாது. நெடுஞ்சாலையில் மட்டுமே ஓட்டுபவர் 16-ஐத் தேர்ந்தெடுத்தால் நான் தவறு சொல்லமாட்டேன். என் ஓட்டம் பெரும்பாலும் நகருக்குள், 120 மி.மீ. பக்கச்சுவரே எனக்கு நியாயமாகப் பட்டது.

ரிம்மை எடை போட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். அலாய் என்றாலே இலேசானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் மலிவான வார்ப்பு ரிம், அதிலும் அளவில் பெரியது, பழைய இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருக்கக்கூடும். அந்த எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதால் பயணத்தின் மென்மையும் பிரேக்கும் மைலேஜும் பாதிக்கப்படும். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் பார்த்தே வாங்கினேன்; 2223 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தேன்: முன்பக்கம் ஒரு ரிம்மில் மட்டும் டயர் ஏற்றி, மாட்டிப் பார்த்த பிறகே மற்ற மூன்றும். அதை மாட்டி, வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். பிறகு நான்கும் ஏறியதும், டயரின் தோள்பகுதியில் சாக்பீஸால் கோடு போட்டு, பின்சீட்டில் மூவரை உட்காரவைத்து, வேகத்தடைகளின் மீது மெதுவாகவும் சற்று வேகமாகவும் ஏறி இறங்கினேன். எங்காவது உரசியிருந்தால் கோடு அழிந்திருக்கும். ஆனாலும் உண்மையான சோதனை ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில்தான் நடந்தது. 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில், முழுச் சுமையோடு, ஸ்டீயரிங் ஏறக்குறைய முழுதாகத் திரும்பிய நிலையில், ஒரு பக்கச் சஸ்பென்ஷன் அமுங்கியபடி சக்கரம் சுழலும். சமதளத்தில் கடைக்கு முன்னால் எவ்வளவு திருப்பினாலும் இந்த நிலை வராது. மேலே போய் இறங்கி, கோடுகளையும் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கையும் பார்த்தேன். எதிலும் உரசல் இல்லை. மலைச்சாலைக்குப் போக முடியாதவர்கள், காலியான மைதானத்தில் வண்டி நிறைய ஆட்களோடு, முழுதாகத் திருப்பியபடி மேடுபள்ளத்தில் ஊர்ந்து பார்க்கலாம்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே காருக்கு நிறுவனமே வழங்கும் டயர் அளவுக்குள் நிற்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொண்டேன். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். அலாய் வீலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்வதும் அவசியம். இல்லையென்றால் விபத்தில் ரிம் உடைந்தால் இழப்பீடு கேட்க முடியாமல் போகலாம்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை. உயர்நிலை மாடலின் 15 அங்குல டயருக்கு நிறுவனம் சொல்லும் காற்றழுத்தத்தைக் கையேட்டில் பார்த்து அதையே வைத்தேன். பழைய 14 அங்குலத்துக்கான எண்ணையோ, எல்லா வண்டிக்கும் ஒரே எண் அடிக்கும் வழக்கத்தையோ பின்பற்றவில்லை. அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் அன்றே முடித்தேன். புதிய அலாய் முதல் சில நாட்களில் அமர்ந்து இடம்பிடிக்கும் என்பதால், 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) மீண்டும் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்குவது அலாயின் இருக்கையைக் கெடுக்கும். கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஸ்பீடோமீட்டரை, டயர் மாற்றும் முன்பும் பின்பும் ஒப்பிட்டேன். கணக்கு சொன்னபடியே, கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு வரவில்லை.

விட்டத்தைக் காப்பாற்றியதால் கிடைத்த இன்னொரு பலன் ஸ்டெப்னி. டிக்கியில் இருக்கும் பழைய 165/80 ஆர்14 சக்கரத்தின் உயரம் புதியவற்றோடு இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போவதால், பஞ்சர் ஆனால் அதை மாட்டி, அகலம் வேறு என்பதை மனதில் வைத்து மிதமான வேகத்தில் கடைவரை ஓட்டிவிடலாம். ஐந்தாவது அலாய் வாங்கும் செலவு மிச்சம். ஆனால் அலாயோடு தரும் நட்டுகள் (சில மாடல்களில் போல்ட்டுகள்) இரும்பு ரிம்மில் சரியாக அமராமல் போகலாம். அதனால் வண்டியோடு வந்த பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு, ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கும் இடத்திலேயே வைத்திருக்கிறேன். அலாயின் நட் ஒல்லியான துளைக்குள் இறங்கியிருப்பதால் அதற்கென்று மெல்லிய சாக்கெட் ஒன்றையும் சேர்த்து வாங்கி அதே பையில் போட்டுவிட்டேன்.